இரண்டாவது நாளும் தங்கியவர்கள்

பழைய குற்றாலம் போகும் வழியில், காட்டை ஒட்டிய தோப்பில் மூன்று மரக்குடில்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் உலகம்மாள்தான் ராணி. பெருக்குவாள், விறகடுப்பில் பொங்குவாள், குரங்குகளோடு சண்டை போடுவாள். சண்டையில் பெரும்பாலும் குரங்குகள்தான் தோற்கும். கரண்டு கிடையாது. போனில் பேச வேண்டுமென்றால் தோப்புக்கு மேலே இருக்கும் பாறையில் ஏற வேண்டும்.

குடில்களின் படத்தைப் பார்த்து உருகி இரண்டு நாளைக்குப் பதிவு செய்து வருகிறவர்கள், ஒரு ராத்திரி தவளைக் கச்சேரி கேட்டதும் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். முதலாளி, செங்கோட்டை ஆதம், பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"இந்த சீசன் முடியுததுக்குள்ள ஒரு குடும்பமாவது ரெண்டாவது நாளும் தங்கணும், உலகம்மா. இல்லைன்னா மூணையும் பிரிச்சிட்டு லாட்ஜ் கட்டிருவேன்."

லாட்ஜ் வந்தால் மேனேஜர் வருவான், உலகம்மாள் வீட்டுக்குப் போவாள். கூலி வேலை எங்கேயும் கிடைக்கும். ஆனால் அந்தக் குடில்களின் கூரை ஓடுகள் மேல் சாரல் விழும் சத்தம் அவளுக்கு உயிர்.

சீசனின் கடைசி வாரம் சென்னையிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். காரை வெளியே பூட்டிவிட்டு, ஓடையின் மேல் போட்ட தென்னந்தடியில் நடந்தார்கள். தடி வழுக்கும். அக்கரையிலிருந்து உலகம்மாள் நல்ல மனசோடு கத்தினாள்.

"பைய! பைய!"

எங்கள் பக்கம் பைய என்றால் மெதுவாக. சென்னைக்காரனுக்குப் பை என்றால் பைதான். தோள்பையில் பாம்பு ஏறிவிட்டது என்று நினைத்து அலறிய மாப்பிள்ளை, அதைக் கழற்றி ஓடையில் வீசிவிட்டான்.

"ஐயோ, ஏன் எறிஞ்சீக?"

"நீங்கதானே பைய, பையன்னு கத்தினீங்க!"

"பைய வாங்கன்னுலா சொன்னேன் சாமி!"

"கார் சாவி அதுலதான் இருக்கு!" என்று அவனும் தண்ணீரில் குதித்தான். சாவி கிடைக்கவில்லை, சளிதான் பிடித்தது. புதுப்பெண் தடியிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை அவன் தும்மிக்கொண்டே பாறையில் ஏறி, வீட்டுக்குப் பேசினான். வேறு சாவி வந்து சேர இன்னும் ஒரு நாளாகும். உலகம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது நாள் தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது!

பத்து மணிக்குத் துணி அலசப் போனால், ஓடை வளைவில் ஒரு மரவேரில் அந்தப் பை மாட்டிக் கிடக்கிறது. ஒரே ஒரு நாள் கழித்துக் கண்டெடுத்தால் யார் குடி முழுகிவிடும்? "குற்றாலநாதா, நீ பார்க்கல, நானும் பார்க்கல" என்று இலையைப் போட்டு மூடினாள். பத்தடி நடந்தாள். பிறகு, தன்னையே வைதுகொண்டு திரும்பி வந்து பையைத் தூக்கினாள்.

சாவியை வாங்கியதும் மாப்பிள்ளை காருக்கு ஓடினான். அதற்கு மேல் பார்க்க மனசில்லாமல் உலகம்மாள் குடிலுக்குள் போய், படுக்கை விரிப்பை உருவினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, அதை ஏன் உருவுறீங்க?"

வாசலில் மாப்பிள்ளை, கையில் துணிப்பெட்டியோடு நின்றான். "நேத்துலேருந்து ஈரப் பேண்ட்டு. லுங்கி எடுக்கப் போனேன். மதியம் என்ன குழம்பு?"

"அப்ப நீங்க போகலையா?"

"கல்யாணமாகி மூணு மாசமாச்சு. அவ இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லக்கா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கோம்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைக்கு ஓடினாள் உலகம்மாள். "மொதலாளி! நாலு நாளு இருக்காவளாம்! நாலு நாளு!"

போனில் ஆதம் அதைத் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அப்ப மூணு குடிலுக்கும் புது ஓடு போட்டுருவோம்" என்றார். உலகம்மாள் போனை மடியில் போட்டுக்கொண்டு, பாறை மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.