கறுப்புக் கப்பலின் பின்பக்கம்

ஜப்பானை வியாபாரத்துக்குத் திறந்துவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. இரண்டாயிரத்துச் சொச்சத்தில், துபாயில், என் மகள் படித்த பள்ளியின் ஆண்டு விழா மேடையில் அது நடந்தது.

நாலாம் வகுப்புக்கு ஓர் ஆங்கில நாடகம். வெளியாரோடு சகவாசமே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்த ஜப்பானுக்கு, அமெரிக்கத் தளபதி ஒருவர் கறுப்புப் பீரங்கிக் கப்பல்களோடு போய், "வியாபாரம் செய்கிறாயா, இல்லையா?" என்று அன்பாகக் கேட்ட சரித்திரம். வகுப்பில் முப்பது பிள்ளைகள். அத்தனை பெற்றோருக்கும் தம் பிள்ளை தளபதியாக வேண்டும். ஜப்பானியனாக்க ஒருவருக்கும் விருப்பமில்லை. நாங்கள் எல்லோருமே அடுத்தவர் துறைமுகத்தில் பிழைக்க வந்தவர்கள்தான். அந்தக் கூட்டத்தில் அது யாருக்கும் நினைவில்லை. தளபதி வேஷம் ஒரு வங்கி மேலாளரின் மகனுக்குப் போனது. விழாவுக்குப் பிரியாணிப் பொட்டலம் அவர் உபயம் என்பது தற்செயல்.

என் மகளுக்குக் கிராமத்துப் பெண் வேஷம். நான்கு கிராமத்தாரில் ஒருத்தி. கடற்கரையில் நின்று, "அதோ பாருங்கள், கப்பல் புகை விடுகிறது!" என்று கத்திவிட்டுப் பயந்து ஓட வேண்டும். அந்த ஒற்றை வரியைக் குளியலறையில், காரில், குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே தலையைக் குனிந்துகொள்கிறவள் அவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கப்போவது அதுவே முதல் முறை.

நான் அல் கூஸ் தொழிற்பேட்டையில், தண்ணீர்ப் பம்புகள் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியின் கிடங்குக்குப் பொறுப்பாளன். அது தெரிந்ததும் ஆசிரியை, "சார், உங்ககிட்ட கார்ட்டன் நிறைய இருக்குமே, கப்பலை நீங்களே செஞ்சு குடுத்துடுங்களேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்னதாகச் செய்தால் கிடங்குக்காரனுக்கு என்ன மரியாதை? பம்பு வந்த அட்டைப்பெட்டிகளை ஒட்டி, பதினெட்டு அடி நீளத்தில், என்னைவிட உயரமாக, உள்ளே ஆள் நின்று தள்ளும்படி ஒரு கப்பல் கட்டினேன்.

பம்புகளைச் சோதிக்க ஜப்பானிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதையைச் சொன்னேன். சனங்கள் பயந்து ஓடுவார்கள் என்றதும் சிரித்துவிட்டார். "சிலர் ஓடினார்கள். நிறைய பேர் வேடிக்கை பார்க்கப் போனார்கள். போகாதே என்று அதிகாரிகள் சொன்ன பிறகும், படகு வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்" என்றார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சேர்ந்து எனக்குப் புரிந்தது அவ்வளவு. மகளிடம் சொன்னேன். அவள் ஆசிரியையிடம் சொன்னாள். "ஸ்கிரிப்ட்ல ஓடணும்னு இருக்கு, ஓடு" என்று பதில் வந்தது.

ஒத்திகையில் என் கப்பல் மேடைக்கு வந்து சேரவே மூன்று நிமிடம் பிடித்தது. நேரம் போதவில்லை. எதை வெட்டுவது? தளபதியின் உரையில் கை வைக்க முடியுமா? கிராமத்தாரின் வசனங்கள் போயின. வந்து, பார்த்து, ஓடினால் போதுமாம். என் மகளின் வாயை நான் கட்டிய கப்பலே அடைத்துவிட்டது. "பரவால்லப்பா, இட்ஸ் ஓகே" என்றாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

கறுப்பு பெயின்ட் ஒரு பக்கத்துக்குத்தான் காணும். சபையைப் பார்த்த பக்கத்தைக் கன்னங்கரேலென்று அடித்தேன். பின்பக்கத்தை வெறும் அட்டையாக விட்டுவிட்டேன். அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

விழாவன்று உள்ளே நின்று தள்ளியதும் நான்தான். நடு மேடையில் நிறுத்திய பிறகுதான் உறைத்தது, கிராமத்தார் நால்வரும் கப்பலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். சபைக்கு அவர்கள் தலைமுடிகூடத் தெரியாது. முன்னால் தளபதி மார்பை நிமிர்த்தி உரையைத் தொடங்கிவிட்டான். ஆசிரியை திரை ஓரத்திலிருந்து "ரன், ரன்!" என்று கையை ஆட்டினார். மூன்று பேர் ஓடினார்கள்.

என் மகள் ஓடவில்லை. காற்றுக்காக வெட்டியிருந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். கப்பலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தாள். ஓர் அட்டைப்பெட்டியின் அச்செழுத்துக்கு முன்னால் நின்றாள். தளபதி மூச்சு வாங்கிய நேரம் பார்த்து, கணீரென்று வாசித்தாள்:

"மேட் இன் ஜப்பான்!"

சபை ஒரு விநாடி விழித்தது. பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி சிரித்தது. தளபதிக்கு மீதி உரை மறந்தே போயிற்று. நான் அட்டைக்குள் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான், யாருக்கும் தெரியாததால் நன்றாகவே அழுதேன்.

அந்த வசனம் யார் யோசனை என்று பள்ளி முதல்வர் கேட்டபோது, ஆசிரியை அடக்கமாகத் தலையைக் குனிந்து புன்னகைத்தாராம்.

வெளியே பிரியாணி வரிசையில் வங்கி மேலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "கப்பல் ஜோரா இருந்துச்சு சார். அந்தப் பக்கமும் பெயின்ட் அடிச்சிருந்தீங்கன்னா பையனோட ஸ்பீச் கெட்டிருக்காது."

"என்ன சார் பண்றது?" என்றேன். "இருந்த பெயின்ட் எல்லாம் உங்க பக்கத்துக்கே சரியாப் போச்சு."