பிறந்த வீட்டுக் கோடி

அத்தை இறந்த செய்தி வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். முக்கூடலிலிருந்து அவள் மகன், என் அத்தான், பேசினார்.

"அம்ம போயிட்டா வே. காப்பி குடிச்சா, செத்த படுக்கேன்னா, அவ்வளவுதான். மூணு மணிக்கு எடுக்கணும். பொறந்த வீட்டுக் கோடி நீருதான் கொண்டாரணும். வெரசலா வாரும்."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் எந்த வயதில் இறந்தாலும் கடைசியாக உடுத்துவது பிறந்த வீட்டிலிருந்து வரும் புதுச் சேலைதான். அது வந்து சேராமல் தூக்க மாட்டார்கள். அத்தையின் அண்ணன் தம்பிகள் எல்லாரும் முன்பே போய்விட்டார்கள். பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது நான் ஒருவன்: ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை வியாதி, துக்க வீட்டிலும் சிரிப்பு மூட்டுகிறவன் என்ற கெட்ட பெயர். மனைவி மகளின் பிரசவத்துக்காகச் சென்னையில் இருந்தாள். அதுவரை நான் தனியாக ஒரு சேலை எடுத்ததில்லை.

டவுணில் ரத வீதி ஜவுளிக்கடைக்குள் நுழைந்தபோது சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான்தான் முதல் போணி. முதல் போணியே இழவுச் சேலை என்றால் கடைக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அத்தை போன துக்கத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு இந்தக் கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் சேலைப் பகுதியில் நின்ற அம்மாள், "என்ன விசேசம் அண்ணாச்சி?" என்று கேட்டதும், "வளைகாப்பு" என்று சொல்லிவிட்டேன்.

"மகளுக்கா?"

"இல்ல, அத்தைக்கு."

அந்த அம்மாள் கையிலிருந்த பட்டுச் சேலையைக் கீழே வைத்தாள். "அத்தைக்கு என்ன வயசு?"

"எம்பத்தி நாலு."

சிரிக்கக் கூடாது என்று உதட்டை மடித்துக்கொண்டாள். "கோடிக்குத்தானே? அதச் சொல்லதுக்கு என்ன வெக்கம்? வாரத்துக்கு நாலு பேரு வாராவ. என்ன கலரு கட்டுவாவ?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். மாமா போன பிறகும் அத்தை வெள்ளை கட்டவில்லை. அது மட்டும் உறுதி. மற்றபடி, வயலில் நிற்கும்போது சேலைக்கு மேல் மாமாவின் முழுக்கைச் சட்டை. வீட்டில் உட்கார்ந்தால் மடியில் பீடி சுற்றும் தட்டு. சட்டையின் நீலக் கோடு நினைவிருக்கிறது. தட்டில் இலை எந்தப் பக்கம், தூள் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லிவிடுவேன். நான் எதையாவது உளறினால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு "போலே, கோட்டிக்காரப் பயலே" என்பாள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் தோள் குலுங்கச் சிரிப்பாள். அந்தத் தோளும் நினைவிருக்கிறது. அதன் மேல் கிடந்த சேலையின் நிறம் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த மனுஷி.

"பச்சை" என்றேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. கிளிப்பச்சையில் ரோஸ் கரை போட்ட ஒன்றை அந்த அம்மாள் எடுத்துப் போட்டாள். அதற்கு மேல் யோசிக்கும் தெம்பு எனக்கு இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டிருக்கும் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பஸ் பேட்டையைத் தாண்டும்வரை படம் வெளியே தெரியாதபடி பையைத் திருப்பித் திருப்பி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணிக்குத் தெருமுனையில் அத்தான் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தாம்பாளம் எங்க? மாலை எங்க?"

நான் பையைக் காட்டினேன். அவர் அந்த மணமக்களைப் பார்த்தார்.

"வெளங்கும். அங்கனயே நில்லும், மேளம் வரட்டும். பொறந்த வீட்டு ஆளு சும்மா நுழையப்படாது."

பக்கத்து வீட்டிலிருந்து தாம்பாளம் வந்தது. யாரோ கொண்டுவந்து சுவரில் தொங்கவிட்டிருந்த மாலை ஒன்று கழன்று வந்தது. வழக்கமாகக் கோடி கொண்டுவர இருபது முப்பது பேர் வருவார்கள். மேளக்காரர்கள் இரண்டு பேர் முன்னே அடித்துக்கொண்டு போக, பிறந்த வீடு மொத்தமும் நானாகத் தாம்பாளத்தை ஏந்திப் பின்னால் நடந்தேன். வெயிலில் கிளிப்பச்சை இன்னும் பச்சையாக இருந்தது.

சேலையைப் பிரித்ததும் பெண்களின் அழுகை ஒரு கணம் நின்றது. அத்தானின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, நீங்களேவா எடுத்தீய?" என்றாள்.

"ஏன், நல்லால்லையா?"

"நல்லாத்தான் இருக்கு." தான் கட்டியிருந்த வாடாமல்லி நிறச் சேலையின் முந்தானையைத் தூக்கிக் காட்டினாள். "இது போன பொங்கலுக்கு நீங்க குடுத்தது. வருசா வருசம் நீங்க குடுக்கத அத்த எனக்குத்தான் தருவாவ. 'அவன் எடுக்க கலரு எனக்கு ஆவாதுட்டி, நீயே கட்டு'ம்பாவ. உங்ககிட்டச் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாவ."

அந்தச் சேலைகளையெல்லாம் எடுத்தவள் என் மனைவி. அதை விளக்க அது இடமல்ல.

போர்வையைப் பிடித்து மறைத்துக்கொண்டு அத்தையைக் குளிப்பாட்டி உடுத்தினார்கள். போர்வையை விலக்கியபோது நான் கொண்டுவந்ததில் கிடந்தாள். இதை மருமகளிடம் தள்ளிவிட வழியில்லை.

மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. அத்தான் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"பொறந்த வீட்டுல கேக்கணும்லா. எடுக்கலாமா வே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கம்போல ஏதாவது வேடிக்கையாகச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

"எடுங்க அத்தான்" என்றேன்.