ஐம்பது இருந்தால் கட்லா

அரசு மீன்பண்ணையில் வாங்கிய குஞ்சுகளில் கலப்பு இருப்பதாக மனு வந்தால், முப்பது நாளுக்குள் ஓர் அதிகாரி குளத்துக்கே போய் மீனைப் பார்த்துப் பதில் தர வேண்டும். இதுதான் விதி. அதற்கு ஓர் உட்பிரிவு உண்டு: ஐயம் இருப்பின் குரோமோசோம் எண்ணிக்கைச் சான்று கோரலாம். விதி எனக்கு முன்பே இருந்தது. உட்பிரிவை எழுதியவன் நான். விலங்கியலில் முதுகலை படித்துவிட்டு ஆயுள் முழுக்கக் கோப்பில் குறிப்பு எழுதியவனுக்கு, ஒரு முறையாவது குரோமோசோம் என்று எழுதிவிடும் ஆசை இருக்காதா?

நான் ஓய்வு பெற்ற பிறகு, 2006 சித்திரையில் பாய் வந்தார். திருநீர்மலைப் பக்கம் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன்குஞ்சு விற்பவர். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் துறையின் பண்ணையில் கட்லா என்று வாங்கிய குஞ்சுகளைத் தாய்மீனாக வளர்த்திருந்தார். ஆடியில் ஹார்மோன் ஊசி போட்டு முட்டை எடுக்க வேண்டும். ஒன்றை வாளியில் போட்டுச் சேலையூரில் என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"மூஞ்சிய பாருங்க சார். தல கட்லா, ஒதடு ரோகு. பாதி அம்மா வூடு, பாதி அப்பா வூடு மாரி கீது."

பண்ணையில் இரண்டையும் ஒரே தொட்டியில் முட்டையிட விட்டதன் விளைவு. இந்தக் கலப்பு மலடும் அல்ல. இதை வைத்துக் குஞ்சு பொரித்தால் சுற்றுவட்டார ஏரிகளில் எல்லாம் பெயர் தெரியாத மீன்தான் நீந்தும். ஆடிக்குள் பண்ணை சுத்தமான தாய்மீன் மாற்றித் தர வேண்டும். மனுவை நானே எழுதினேன்; விதி எண்ணையும் குறிப்பிட்டேன்.

முப்பது நாள் போயிற்று. பாயும் நானும் தாம்பரம் அலுவலகத்துக்குப் போனோம். எனக்குக் கீழே இருந்தவர் இப்போது கண்காணிப்பாளர்.

"உட்பிரிவுப்படி சான்று கேட்டிருக்கோம் சார். உங்க டிராஃப்ட்தான். அருமையான டிராஃப்ட்."

"கட்லாவுக்கும் ஐம்பது, ரோகுவுக்கும் ஐம்பது, ரெண்டும் கலந்தாலும் ஐம்பதுதான்யா. எண்ணி என்ன தெரியப்போகுது?"

"அப்புறம் ஏன் சார் எழுதினீங்க?"

பாய் என் பக்கம் திரும்பினார். "நீங்க எய்தினதா சார் இது?"

எழுதும்போது விரால் வகைகள் மனதில் இருந்தன. விராலுக்கு நாற்பது, அதன் பங்காளியான குறவைக்கு முப்பத்திரண்டு. பரிணாமத்தில் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாவதுண்டு. எண்ணிக்கை குறையும், சரக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கும். எங்கள் அலுவலகத்தில் இரண்டு பிரிவுகளை இணைத்தபோதும் நாற்காலிதான் குறைந்தது, கோப்பு குறையவில்லை. கட்லா வகையறா அப்படியல்ல. தனித்தனி மீனாகப் பிரிந்தும் ஐம்பதை விடவில்லை. கல்லூரியில் படித்ததுதான். உட்பிரிவு எழுதிய அன்று நினைவுக்கு வரவில்லை.

மாதிரி மீனை ஐஸ் பெட்டியில் அனுப்பினார்கள். பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுவில்தான் குரோமோசோம் தெரியும், ஆகவே உயிருள்ள மீன் தேவை என்று ஆய்வகம் திருப்பியனுப்பியது. உயிர்மீனைக் கொண்டுபோக வண்டிக்குத் தனி அனுமதி. அதற்குள் ஆனி முடிந்துவிட்டது.

ஆடியில் இரண்டு மீனை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுப் பாய் வலையோடு குளத்தில் இறங்கினார். இந்த ஒரு வருடம் இதையே வைத்துச் சமாளிக்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"என்ன நம்பி வாங்குறான் சார். அவங்கிட்ட உட்பிரிவு காட்ட முடியுமா?"

தாய்மீன் அத்தனையும் பல்லாவரம் மீன் மார்க்கெட்டில் குழம்புக்குப் போயிற்று. வாங்கிய யாரும் உதட்டைப் பார்க்கவில்லை. ஆவணி மழையில் குளம் நிறைந்தது. விடுவதற்குக் குஞ்சு இல்லை. வழியில் பார்த்தால் பாய் எனக்கு சலாம் வைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் தேவலை.

பிறகு பதில் வந்தது. பரிசோதித்த மீனில் குரோமோசோம் ஐம்பது இருப்பதால் தூய கட்லா என உறுதியாகிறது, மாற்றுத் தாய்மீன் வழங்க இடமில்லை, மனு முடிக்கப்படுகிறது. பாய்க்கு அசல், எனக்கு நகல். வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள்.