மிலிட்டரி லாரிக்கு வேப்பஞ்சட்டம்

என் மச்சான் ஏலத்தில் ஒரு பழைய மிலிட்டரி லாரியை எடுத்து வந்து நிறுத்தியபோது பந்தல்குடியே சிரித்தது. நான் கொஞ்சம் கூடவே சிரித்தேன். பின்பக்கம் சிப்பாய்கள் உட்கார இரண்டு நீள சீட்டு. இரும்பு நன்றாகத்தான் இருந்தது. அதன்மேல் இருந்த மரச்சட்டங்கள் உளுத்து, தொட்டால் மாவாகக் கொட்டின. பருத்தி மூட்டைக்கு எதற்கு சீட்டு, கழற்றி எறியுங்கள் என்றேன்.

அப்போது என் அக்கா கேட்டாள்: "ஏலே, இதுல உக்காந்து நானும் சிவராத்திரிக்கு வரலாமா?"

எங்கள் குலதெய்வம் திருச்சுழிக்கு அந்தப் பக்கம், கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது. கார் போனால் மணலில் புதைந்துவிடும். லோடு வண்டியில், தரையில் உட்கார்ந்துதான் போவோம். அக்காவுக்கு முட்டி தேய்ந்து கால் மடங்காது. நான்கு வருசமாக வீட்டுக்குக் காவல். முன் சீட்டு சாமிப் பெட்டிக்கும் அதைப் பிடித்துக்கொள்ளும் சித்தப்பாவுக்கும். சாமிக்கு முட்டி வலி இல்லை, ஆனாலும் இடம் அதற்குத்தான்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. எங்கள் பருத்திக் காட்டில் சாய்ந்து, இரண்டு வருசமாய்க் காய்ந்து கிடந்த மரத்தை அருப்புக்கோட்டை ரம்ப மில்லில் கொடுத்துச் சட்டமாக அறுத்து வந்தேன். இரும்பில் இருந்த ஓட்டைகள் ஒன்றுபோல ஒன்று இல்லை. அது தெரியாமல் ஒரே அளவில் நான்கு சட்டத்தைத் துளைத்துப் பாழாக்கினேன். அப்புறம் ஒவ்வொன்றாக மேலே வைத்து, லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கீழிருந்து குறி போட்டேன். அக்கா சேலை மாட்டாதபடி போல்ட்டுத் தலையை மரத்துக்குள் அமுக்கினேன். விளிம்பை இழைத்துப் பச்சைப் பெயின்ட்டும் அடித்தேன்.

சிவராத்திரியன்று அக்காதான் முதலில் கிளம்பி நின்றாள். அவளுக்கு முன்னால் மற்றவர்கள் ஏறினார்கள். சித்தி சட்டத்தின் அடியில் பெயின்ட் படாத இடத்தை நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"இது என்ன மரம்?"

"மரம்தான்" என்றேன்.

"வேம்புடா இது!"

எங்கள் சாமிக்குச் சிலை கிடையாது. ஒரு வேப்பமரம்தான் சாமி; ஆத்தா என்போம். அதனால் எங்கள் வகையறாவில் வேம்பில் தொழுவம் போடலாம், கதவு போடலாம், உட்கார மட்டும் கூடாது. சாமி கும்பிடாத நான் அதைச் சுத்தமாக மறந்திருந்தேன். கும்பிடுகிற எல்லோரும் நான் இழைத்த சீட்டை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். அக்காவைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வெட்கமும் ஆத்திரமுமாக வந்தது.

அக்கா கம்பியைப் பிடித்து ஏறினாள். நேராகப் போய் சீட்டின் நடுவில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"ஆகாதுத்தா, சாமி குத்தம்" என்றாள் சித்தி.

"நாலு வருசமா என்னைய விட்டுட்டுப் போனீகளே, அது குத்தமில்லையா? ஆத்தா மடியிலதான உக்காந்திருக்கேன். கோவிச்சா நான் பேசிக்கிறேன். வண்டிய எடுக்கச் சொல்லு."

கோயிலில் இறங்கியதும் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "வந்துட்டேன். உம்மேல உக்காந்துதான் வந்தேன்" என்றாள்.

திரும்பும்போது சித்தி சீட்டின் ஓரத்தில் வந்து ஒட்டினாள். அக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள்.