இரண்டாவது தெளிப்பு

போன வாரம் வாணியம்பாடியில் தோஸ்த் ஒருவனின் அக்கா கல்யாணம். மண்டப வாசலில் பன்னீர் தெளித்தார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டு உள்ளே போக, நான் மட்டும் கைக்குட்டையால் கையை அழுந்தத் துடைத்தபடி நின்றேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வாசலில்தான் அந்த யோசனை உதித்தது. "ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்த வரத்தைச் சபைக்குக் கொண்டாங்க" என்று எங்கள் போதகர் அப்போது பிரசங்கித்திருந்தார். எனக்குப் பாட வராது. கீபோர்டைத் தொட்டால் தெருநாய்கள் பதில் சொல்லும். ஆனால், யாரிடமும் சட்டென்று பேசிவிடுவேன். கல்யாணத்துக்குத் தெளிக்கிற பன்னீரைச் சர்ச்சுக்கு வருகிறவர்களுக்குத் தெளித்தால் என்ன?

அடுத்த ஞாயிறே எங்கள் ஆம்பூர் சர்ச் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். பிள்ளைகள் வெளியே ஓடிப்போய் மறுபடி வரிசையில் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எஸ்தர் அக்கா முதல் பாட்டு முடிகிற நேரத்தில்தான் வருவார். டேனரியில் பச்சைத்தோல் ஊறவைக்கிற இடத்தில் வேலை. ஷிப்ட் முடித்து நேராக வருவார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாடை கூடவே வரும். அதே டேனரி ஆபீசில் கணக்கெழுதுகிற என் அப்பாவின் சட்டையிலும்தான் வரும். அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்களுக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்து, வரியில் விரலை வைத்து நீட்டுவார். பேசக்கூட மாட்டார்.

அன்று அவருக்கு ஒரு தடவை தெளித்தேன். பிறகு இன்னொரு தடவை.

"இன்னா தம்பி, ரெண்டு வாட்டி? நாத்தம் ஜாஸ்தியா கீதா?"

கூட நின்ற பையன்கள் சிரித்தார்கள். "உனக்கு ஸ்பெஷல்க்கா" என்று நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தபடிதான் உள்ளே போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்குப் பிறகு வரவேயில்லை.

கை தவறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். தவறவில்லை. மூக்கு சொன்னது, கை செய்தது.

நேற்று புதிதாக ஒரு நர்ஸ் வந்திருந்தார். வாசலில் நான்தான் வாய் நிறைய வரவேற்றேன். உள்ளே அவர் பாட்டு முடியும்வரை பக்கத்தைப் புரட்டிக்கொண்டே நின்றார். வரியில் விரல் வைத்துக் காட்ட யாருமில்லை.

வருகிற ஞாயிறு ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு டேனரி கேட்டில் நிற்கப் போகிறேன். "வாடை அடிச்சுதுன்னுதான் ரெண்டாவது வாட்டி தெளிச்சேன்க்கா, மன்னிச்சிடு." இவ்வளவுதான் சொல்லவேண்டும். மொட்டைமாடியில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன். யாரிடமும் சட்டென்று பேசிவிடுகிற எனக்கு, பாதிக்கு மேல் குரல் வரவில்லை.