தங்கச்சி சொந்தக் குரலில் பேசிய படம்

அன்றைக்கு மதியம் வீட்டில் இருந்தவர்கள் அம்மா, தங்கச்சி, நான், எதிர்வீட்டு அக்கா, சென்னையிலிருந்து வந்திருந்த உதவி இயக்குநர். சாப்பிட உட்கார்ந்த பிறகு நாட்டரசன்கோட்டை அத்தையும் வந்து சேர்ந்தார். அப்பாவுக்குக் கூடப் பிறந்த அக்கா அவர். வீட்டில் இல்லாதவர் அப்பா மட்டும்தான். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே அவருக்குத் தச்சு வேலை, கதவு சன்னல் எல்லாம் ஒக்கிட்டுச் சரிசெய்கிற வேலை. "சினிமாக்காரவுக வந்தா நீங்களே பேசிக்கிடுங்க, எனக்கு அங்குட்டு நெலைக்கதவு வேலை நிக்குது" என்று சொல்லிவிட்டு விடிந்ததும் போய்விட்டார்.

உதவி இயக்குநர் வந்ததற்குக் காரணம் தங்கச்சியின் பேச்சு. முகம் எல்லோருக்கும் பிடித்துப்போயிருந்தது. கோயமுத்தூரில் அழகிப் போட்டியில் கிரீடம் வாங்கிய முகம். ஜவுளிக்கடை விளம்பரத்தில் சிரித்தபடி டவுன் பஸ்களின் முதுகில் ஏறி ஊரெல்லாம் சுற்றிய முகம். ஒரு படத்தில் இரண்டாவது கதாநாயகியாகவும் வந்திருந்தாள். ஆனால் அந்தப் படத்தில் அவளுக்குப் பேசியது வேறு ஒருத்தி. அதை நாங்கள் காரைக்குடித் தியேட்டரில்தான் தெரிந்துகொண்டோம். தங்கச்சி திரையில் வாயைத் திறந்ததும் அம்மா என் தொடையைக் கிள்ளி, "யாருடா இது பேசுறது? எம்மக எங்கே?" என்று கேட்டாள். இடைவேளையில் அம்மா முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலேயே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது கிடைத்திருந்தது முதல் கதாநாயகி வேடம். கதை நடப்பது எங்கள் பக்கத்தில்; கதாநாயகி எங்கள் பக்கத்துப் பெண். எங்களுக்காகவே வந்த வேடம் என்று நினைத்தோம். ஆனால் நடிகர் தேர்வு அறையில் தங்கச்சி வசனத்தைப் பேசிக்காட்டியதும் இயக்குநர், "காரைக்குடிப் பொண்ணுன்னு சொன்னாங்க, டிவி செய்தி மாதிரி பேசுறாங்களே" என்றாராம். நடிக்கட்டும், குரலைப் பழைய டப்பிங் அம்மாவையே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகப் போனபோது தங்கச்சி விடவில்லை. "எங்க வீட்டுக்கு ஒருத்தர அனுப்புங்க சார். எங்க ஆளுக பேசுறதக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். அதனால்தான் அந்தத் தம்பி ஒரு ரெக்கார்டரோடு எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

தங்கச்சி அப்படிப் பேசியதற்குப் போட்டிக்கான பயிற்சி காரணம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது தேவகோட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியர். என் பின்னாலேயே படிக்க வந்தவள் அவள். கோயமுத்தூர்ப் போட்டியில் கடைசிச் சுற்று கேள்வி பதில். 'வாரீக', 'போனீக', 'இங்குட்டு', 'அங்குட்டு' எதுவும் வாயில் வரக்கூடாது என்று இரண்டு பேரும் தீர்மானித்து, மாதக்கணக்கில் பேசிப் பழகினோம். அவள் அடுப்படியில் நின்று, "அம்மா, எனக்குச் சற்றுத் தண்ணீர் தருகிறீர்களா?" என்று கேட்டால் அம்மா சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டுவிடுவாள். அந்தப் பேச்சுத்தான் கிரீடத்தை வாங்கித் தந்தது. ஆனால் அதன் பிறகு மைக், கேமரா, வெளியாள் எது எதிரே வந்தாலும் அவள் நாக்கு தானாக அந்தப் பேச்சுக்குப் போய்விட்டது. திருப்பிக் கொண்டுவர முடியவில்லை.

சரி, வீட்டில்தான் அம்மா இருக்கிறாள், எதிர்வீட்டு அக்கா இருக்கிறார், இவர்கள் பேசுவதைக் கேட்டால் போதும் என்று நம்பியிருந்தோம். உதவி இயக்குநர் ரெக்கார்டரை முக்காலியில் வைத்து, "நீங்க எப்பவும் போலப் பேசுங்கம்மா" என்றார்.

அம்மா முந்தானையைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்து, "தங்களுடைய வருகை எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சியை அளிக்கிறது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடமே போகாதவள் என் அம்மா. ரேடியோவிலும் டிவியிலும் கேட்டதையெல்லாம் எங்கே சேர்த்து வைத்திருந்தாளோ! எதிர்வீட்டு அக்கா சும்மா இருப்பாரா? "தாங்கள் குளிர்பானம் அருந்துகிறீர்களா, அல்லது தேநீர் அருந்துகிறீர்களா?" என்றார். பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல், "இன்று வானம் மேகமூட்டத்துடன் காணப்படும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அம்மா, சும்மா பேசும்மா" என்று நான் காதோரம் கிசுகிசுத்தேன்.

"போடா அங்குட்டு. வந்த மனுசருக்கு மரியாதையா பேச வேணாமா?" என்று கிசுகிசுப்பாகவே சொன்னாள். அது ரெக்கார்டரில் விழவில்லை.

வெளியூர் ஆள் வீட்டுக்கு வந்தால் இருப்பதிலேயே நல்ல தட்டை எடுத்து வைப்போம். பேச்சிலும் அவர்கள் அதைத்தான் செய்தார்கள். ஒரு மணி நேரம் இப்படியே போனது. தங்கச்சியும் அவர்களோடு சேர்ந்து, "ஆமாம், மிகவும் மகிழ்ச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உதவி இயக்குநர் நல்ல பிள்ளை. முகத்தில் எதையும் காட்டவில்லை. ஆனால் ரெக்கார்டரை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டார். "இப்பல்லாம் யாரும் அந்த மாதிரி பேசுறதில்ல போலங்க" என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். தங்கச்சி அதைக் கேட்டுவிட்டாள். எழுந்து போய்ச் சாப்பாட்டுக்கு வாழையிலைகளைக் கழுவ ஆரம்பித்தாள். அவள் முதுகைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது. மறுபடியும் ஒரு படம், மறுபடியும் வேறு ஒருத்தி குரல், அம்மா மறுபடியும் கேட்பாள், எம்மக எங்கே என்று.

சோறு போட்டுக் குழம்பு ஊற்றும்போது வாசலில் செருப்புச் சத்தம். அத்தை.

"என்னத்தா, வீட்டுல விசேசமாம்! பெரிய எடத்துக்காரவுக ஆயிட்டீக. எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லுவீகளா?"

அம்மா எழுந்தாள். "வாங்க மதினி. விசேசமெல்லாம் ஒன்னுமில்ல. உக்காருங்க, எல போடுறேன்."

"எல போடுவ. ப்ளெக்ஸ் போடத்தான் எங்க மொகம் ஆகாது."

அந்த ப்ளெக்ஸ் கதை இதுதான். கிரீடம் கிடைத்த வாரம் தெருமுனையில் ஒரு ப்ளெக்ஸ் வைத்தோம். நடுவில் தங்கச்சி, கீழே வரிசையாக அப்பா, அம்மா, நான், கவுன்சிலர், பணத்தில் பாதி கொடுத்த மருந்துக்கடைக்காரர். அத்தை மகன் படம் இல்லை. கோயமுத்தூருக்குப் புறப்பட்ட அன்று தங்கச்சியை பைக்கில் பஸ் நிலையத்தில் கொண்டுவந்து விட்டவன் அவன்தான். அவன் அனுப்பிய படம் கூலிங் கிளாஸோடு இருந்தது, வேறு படம் கேட்டேன், அது வருவதற்குள் ப்ளெக்ஸ் அச்சாகிவிட்டது. இதை எத்தனை தடவை சொன்னாலும் அத்தை கேட்டதில்லை.

"மருந்துக்கடைக்காரன் இளிச்சுக்கிட்டு நிக்கிறான் அதுல! எம்புள்ள என்ன, களவாணிப்பயலா?"

"மதினி, வெளியாள் உக்காந்திருக்காக..."

"இருக்கட்டும், கேக்கட்டும். மேடையில இங்குட்டும் அங்குட்டும் நடந்து காட்டி வாங்குன கிரீடந்தானே? அதுக்கு இம்புட்டு மப்பு!"

அப்பா இருந்திருந்தால் இந்த இடத்தில் ஒரு செருமல் செருமியிருப்பார், எல்லாம் அடங்கியிருக்கும். அவர் இல்லை. குழம்புச் சட்டியை வைத்துவிட்டுத் தங்கச்சி கூடத்துக்கு வந்தாள்.

"ஆமா அத்தை, நடந்துதான் வாங்குனேன். பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன், காலேசுக்கு நடந்தேன், கோயமுத்தூரு மேடையிலயும் நடந்தேன். ஒங்க மகன் கொண்டாந்து விட்டான், இல்லேங்கல. அவன் படம் இல்லைன்னா எங்கிட்ட வந்து கேக்கணும். கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்து, நடந்து காட்டி வாங்குன கிரீடம்னு ஏன் பேசுனீக? அம்புட்டுப் பேரு முன்னாடி எங்காத்தா தலை குனிஞ்சு சோறு தின்னுச்சே, அதப் பாத்தீகளா நீங்க? இந்தா இருக்கு கிரீடம், அலமாரியில. எடுத்துட்டுப் போங்க. ஒங்க மகன் தலையில வச்சு நாட்டரசங்கோட்டை வீதியெல்லாம் ஊர்கோலம் விடுங்க. நானே வந்து மோளக்காரனுக்குச் சொல்றேன்!"

எதிர்வீட்டு அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்.

"பாத்தியா நாக்க! இனிமே இந்த வீட்டுல நான் கை நனைச்சா என்னன்னு கேளு" என்று அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அம்மா அவர் பின்னாலேயே ஓடினாள். தங்கச்சி அப்போதுதான் விருந்தாளி ஒருவர் இருப்பதை நினைத்துக்கொண்டாள். "மன்னிக்கவும் சார்" என்றாள், பழைய செய்திக் குரலில்.

உதவி இயக்குநர் சோற்றுக் கையோடு எழுந்து நின்றிருந்தார். இடது கையில் செல்போன். அதில் பதிவாகிக்கொண்டிருந்தது. "அந்த அத்தைய மறுபடி கூப்பிட முடியுமாங்க?" என்றார்.

அந்தப் பதிவைக் கேட்ட இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தாராம். வேடம் உறுதியானது. அந்தச் சண்டையை வைத்தே படத்துக்கு ஒரு காட்சி எழுதுவோமா என்றும் கேட்டார்கள். தங்கச்சி சம்மதித்தாள். ஆனால் தயாரிப்பாளருக்குக் குரலில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. டப்பிங்கில் ஒரு நாள் கொடுத்துப் பார்ப்போம், சரியாக வராவிட்டால் பழைய டப்பிங் அம்மாதான் என்று சொல்லிவிட்டார்.

படப்பிடிப்பு முடிந்து டப்பிங் நாளன்று நானும் கூடப் போனேன். சின்ன அறை, மங்கின வெளிச்சம், எதிரே திரை, நடுவில் மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநரும் ஒலிப்பதிவாளரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நாற்காலியில் அந்த டப்பிங் அம்மாவும் இருந்தார். என் தங்கச்சிக்கு முதல் படத்தில் குரல் கொடுத்தவர். கூப்பிட்டால் வரவேண்டும் என்று அவரையும் அதே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள்.

திரையில் தங்கச்சி வாய் அசைத்தாள். மைக் முன்னால் நின்ற தங்கச்சி பேசினாள். உதடு பொருந்தியது, குரல் பொருந்தவில்லை. 'பேசுனீக' என்ற சொல்லே அவள் வாயில் பாடப் புத்தகத்தில் படித்ததுபோல வந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது.

தங்கச்சி ஹெட்போனைக் கழற்றினாள். "எங்க அண்ணன் உள்ள வந்து நிக்கலாமா சார்?" என்று கேட்டாள். நான் உள்ளே போனேன். "அண்ணே, மைக்குல விழாம எங்காதுக்குள்ள அத்தை மாதிரி திட்டு" என்றாள்.

"என்னது?"

"திட்டுண்ணே. நல்லா வையி."

பிள்ளைகளிடம் 'டா' போட்டுக்கூடப் பேசாத ஆசிரியர் நான். கண்ணை மூடிக்கொண்டு அத்தையை நினைத்துக்கொண்டேன். "என்னத்தா மினுக்கி, ஒனக்கெல்லாம் சொந்தக் குரல் ஒரு கேடா? அந்தம்மாவக் கூப்பிட்டுப் பேசச் சொல்லு. நீ வெளிய போயி முறுக்குத் தின்னு" என்று அவள் காதில் சொன்னேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்கே பயம் வந்துவிட்டது. விரலை உயர்த்தி ஒலிப்பதிவாளருக்குச் சைகை காட்டினாள். திரை ஓடியது. "ஆமா அத்தை, நடந்துதான் வாங்குனேன்" என்று தொடங்கினாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்ட அதே குரல். கடைசி வரைக்கும் ஒரே மூச்சில் போனாள். முடிந்ததும் இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். சத்தம் கேட்கவில்லை, ஆனால் அவர் கத்துகிறார் என்பது தெரிந்தது.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது டப்பிங் அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் எல்லாம் கேட்டிருக்கிறார். தங்கச்சியின் கன்னத்தைத் தட்டி, "உனக்கு நான் பேசினது போதும்மா. இனிமே என்னைக் கூப்பிட்டாலும் வரமாட்டேன்" என்றார். தங்கச்சி குனிந்து அவர் காலைத் தொட்டாள். அன்று முழுக்க மீதிக் காட்சிகளுக்குப் பேசினாள். நான் திட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

படம் வெளிவரும் வாரம் அப்பா வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு நாட்டரசன்கோட்டைக்குப் போனார். அக்காவை முறையாக அழைக்காமல் படம் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அத்தை பிடி கொடுக்கவில்லை. "நான் வந்தா தனியா வரமாட்டேன். எந்தெருவே வரும், பரவாயில்லையா?" என்று கேட்டாராம். அப்பா யோசிக்காமல் தலையாட்டியிருக்கிறார்.

சொன்னபடியே வந்தார்கள். ஒரு வேன் நிறைய. மாட்டினி காட்சியில் இரண்டு வரிசை முழுக்க அத்தையின் ஆட்கள். அத்தை மகன் கூலிங் கிளாஸோடு ஓரத்து இருக்கையில். சண்டைக் காட்சி வந்தது. திரையில் வயதான ஒரு நடிகை கையை நீட்டி, "மேடையில இங்குட்டும் அங்குட்டும் நடந்து காட்டி வாங்குன கிரீடந்தானே? அதுக்கு இம்புட்டு மப்பு!" என்றார். அத்தை சீட்டிலிருந்து எழுந்தே விட்டார். "அடியே! இது நாஞ் சொன்னதுடி! நாஞ் சொன்னது!" பின்வரிசையில் யாரோ, "ஒக்காரு ஆத்தா, மறைக்குது" என்றான். "மறைக்கட்டும்டா, என் வசனம்டா அது!" என்றார்.

அதற்குள் தங்கச்சியின் பதில் தொடங்கிவிட்டது. தியேட்டர் முழுக்க விசில். அந்தச் சத்தத்திலும் அவள் குரல் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவே இல்லை. அத்தை பக்கத்து சீட்டுக்காரியிடம், "எந்தம்பி மக. குரலப் பாரு, அப்படியே என்னைய மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தங்கச்சிக்கு வந்த படங்களில் எல்லாம் அவள்தான் பேசுகிறாள். மதுரைப் பெண்ணாக, ஒரு முறை போலீஸ் அதிகாரியாக, இப்போது ஒரு வக்கீலாக. அத்தை தெருவோடு படம் பார்த்த அன்றைய செலவைத் தான் தருவதாக அவள் சொன்னாள். "அழைச்சவன் நான்" என்று சொல்லி அப்பா தச்சு வேலைக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வேன் வாடகை, டிக்கெட், இடைவேளையில் பப்ஸ், படம் விட்டதும் அத்தையின் தெரு ஆட்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்த பரோட்டா எல்லாம் சேர்த்து, பதினோராயிரத்து நானூற்று நாற்பது ரூபாய்.