பைபிளுக்குக் குளிர் ஒத்துக்கொண்டது

நெதர்லாந்தில் யெர்சேகெ என்ற ஊரின் சிப்பி ஏலக்கூடத்தில் எடை போட்டுக்கொண்டிருந்த மரினஸ் கொப்பெயான், ஓய்வு பெற்ற பிறகுதான் தன் வீட்டில் பரம்பரை பைபிள் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். அது எங்கும் ஒளிந்திருக்கவில்லை. முன்னறை ஜன்னலோரம் ஜெரேனியம் தொட்டிக்கு அடியில் பல வருடங்களாகக் கிடந்தது. அதற்கு முன்பு, மேசை எட்டாத வயதில் அவருடைய தங்கை அதன் மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். பித்தளைக் கொக்கி ஒன்று போயிருந்தது. முதுகுத்தோல் கருவாடு மாதிரி சுருண்டிருந்தது.

மிடில்பர்க் நகரத்தில் பழைய புத்தகங்களைச் செப்பனிடும் ஹில்லெகொண்டா என்ற பெண்ணிடம் அதைக் கொண்டுபோனார். அவள் தாள்களைப் பிரித்துத் துடைத்து, கிழிசல்களில் மெல்லிய காகிதம் ஒட்டி, மறுபடி தைத்து, பழைய தோலையே மேலே பதித்துக் கொடுத்தாள். வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள், அடிக்கடி திறந்து படியுங்கள் என்றாள். மரினஸின் காதில் முதல் பாதி மட்டும் ஏறியது.

ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்று வாங்கினார். திரைச்சீலைகள் மூடப்பட்டன. ஹீட்டர் அணைக்கப்பட்டது. வீட்டுக்குள் துணி காயப்போடத் தடை. சமையலறையில் பட்டாணி சூப் கொதித்தால், கருவியின் முன்னால் நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிடுவார்.

"நெல்லா, அந்தப் புத்தகமும் மூச்சு விடுது."

"நானும்தான் விடுறேன். என்னை எத்தனை டிகிரியில வைக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லலையா?" என்றாள் பீட்டர்னெல்லா.

சபைப் போதகர் வீட்டுச் சந்திப்புக்கு வந்த அன்று நானும் இருந்தேன், எனக்குப் பக்கத்து வீடு. யாரும் கோட்டைக் கழற்றவில்லை. போதகர் சங்கீத அதிகாரம் ஒன்றை வாசிக்க அந்த பைபிளைக் கேட்டார். மரினஸ் பருத்திக் கையுறைகளை நீட்டினார். போதகர் மூக்கை உறிஞ்சியதும் மரினஸ் கையுறைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். போதகர் வாயிலிருந்து ஆவி வர, கைபேசியைப் பார்த்து வாசித்தார். நன்றாகப் பாதுகாக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார். அதை மரினஸ் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஜனவரியில் பீட்டர்னெல்லா பெட்டியோடு ஹூஸ் நகரத்திலிருக்கும் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டாள். "பைபிளுக்கு உடம்பு தேறினதும் சொல்லி அனுப்பு, வரேன்" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனாள்.

தேறாமல் போனது மரினஸின் உடம்புதான். சுவரைத் தாண்டி அவர் இருமல் கேட்டுக் கேட்டு, நான்தான் டாக்டரை வரவழைத்தேன். நிமோனியா என்றார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் என் சட்டையைப் பிடித்து, ஈரப்பதம் ஏறினால் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

பீட்டர்னெல்லா உடனே திரும்பி வந்தாள். பகலில் ஆஸ்பத்திரி, மாலையில் வீடு. ஹீட்டரைத் திருகினாள், துணி காயப்போட்டாள், சூப் வைத்தாள். தன் அப்பா வீட்டு வழக்கப்படி சாப்பிட்டதும் பைபிளை மேசைக்குக் கொண்டுவந்து வெறும் கையால் புரட்டி வாசித்தாள்.

வீடு திரும்பிய மரினஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் சேதம் தேடினார். கிடைத்தது ஒரு ரொட்டித் துணுக்கு. விறைப்பாக இருந்த புத்தகத்தின் முதுகு இப்போது இணக்கமாக விரிந்தது. குறை சொல்லத் திறந்த வாயால் சூப்பைக் குடித்தார். அவள் பைபிளை அவர் பக்கம் தள்ளினாள். திறந்த பக்கத்தில் பழைய ஏற்பாட்டு வம்ச வரலாறு. வரிசையாகப் பெயர்கள். திக்கித் திக்கி வாசித்தவர் பாதியில் நிமிர்ந்தார்.

"இதுல இவ்வளவு பேரா இருக்காங்க?"

"உன் குடும்ப பைபிள்தானே. என்னைக் கேக்குற?"

இப்போது தெருவில் யார் அகப்பட்டாலும் மரினஸ் நிறுத்தி வைத்துப் பேசுகிறார். மூடி வைத்தால் புத்தகம் கெட்டுப்போகும், ஜனங்களுக்கு இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியவில்லையே என்று வருத்தப்படுகிறார். போன வாரம் எங்கள் வீட்டு பைபிளைப் பார்க்க வந்துவிட்டார். அது பரணில் கிறிஸ்துமஸ் சாமான்களுக்கு அடியில் இருப்பதாகச் சொன்னேன். ஏணி எங்கே என்று கேட்டார்.